ஹவாய்த் தீவினரும் ஆசிரியக் கல்வியும்

ஒரு சமூகத்தாரின் கல்வி நிலையைப் பற்றிப் பேசுங்கால், பள்ளிக்கூடங்கள் எத்தனை, மாணாக்கர் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பதே பெரும்பாலோர் வழக்கம். அப்பள்ளிகளிற் கற்பிப்போர் எங்கே கற்றனர், அவற்றை நடத்துந் தலைவர் எவ்வாறு பயின்றனர் என்று உசாவுவார் மிகச் சிலரே. அவ்வினாவை விடுத்தமையால் வருங் கேடும், அதற்கு விடை கண்டமையால் வரும் ஆக்கமும் எத்தகையன என்பதை ஹவாய்த் தீவுகளின் வரலாறு தெளிவாகக் காட்டும். ஆதலின் அதனை அன்பர்கட்கு ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பசிபிக் மாகடலின் நடுவே கிடப்பன ஹவாய்த் தீவுகள். அவற்றுட் பெரியன எட்டு. அங்குள்ள பழங்குடியினரின் மொழி, நியூஸிலந்திலுள்ள மயோரியர் மொழிக்கு உறவுடையது. 1820-ஆம் ஆண்டில் அமெரிக்கப் பாதிரிமார் அங்கு வந்திறங்கியபோது அம்மொழிக்கு எழுத்தில்லை. பாட்டும் கதையும் குலமுறையும் செவிவழியாகவே வந்தன. பாதிரிமார் உரோம எழுத்தை அதற்கு அமைத்து, 1822-இல் முதல் ஏட்டை அச்சிட்டனர். 1826-இல் உயிர் ஐந்து, மெய் ஏழு என எழுத்துக்களை வரையறுத்தனர். நெடுங்கணக்கு இத்துணைச் சிறிதாதலின் மக்கள் விரைந்து கற்றனர். அந்நாளிற் பள்ளிக்கு வந்தவருட் பெரும்பாலோர் சிறுவரல்லர், வளர்ந்தவரே என்பது அறியத்தக்கது.

பள்ளிகள் பெருகவே ஆசிரியர் வேண்டியவராயினர். அக்குறையை நீக்கும் பொருட்டு 1831-இல் மவுயி என்னுந் தீவில் லஹைனாலுனா என்ற கலாசாலை நிறுவப்பட்டது. அங்கே 1834-இல் அம்மொழியின் முதற் பத்திரிகை வெளிவந்தது. 1840-இல் மூன்றாம் கமேஹமேஹா மன்னர் நாடெங்கும் பள்ளிகள் நடைபெறச் சட்டம் வகுத்தார். பின்னர் 1948 வரையில் ஏறத்தாழ நூறு பத்திரிகைகள் ஹவாய்மொழியில் தோன்றி உலவின. எழுத்தறியாத மொழி ஒரு தலைமுறைக்குள் இந்நிலை எய்தியதற்குக் காரணம் யாது? தம்மொழியிலேயே கற்று, தம்மொழியிலேயே கற்பிக்கவல்ல ஆசிரியர் இருந்தமையே என்க.

இவ்வேற்றம் நீடிக்கவில்லை. கரும்புத் தோட்டங்களும் வெளிநாட்டு வாணிகமும் பெருக, ஆங்கிலப் பள்ளிகளுக்கு மதிப்பு மிகுந்தது. 1893-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 17-ஆம் நாள் லிலியுவோகலானி அரசியார் அரியணையினின்று நீக்கப்பட்டார். அவரை நீக்கியோர் அமைத்த அரசாங்கம், பொதுப் பள்ளியாயினும் தனியார் பள்ளியாயினும் ஆங்கிலமே போதனாமொழியாக இருத்தல் வேண்டும், அங்ஙனம் இல்லாதது பள்ளியாக ஏற்றுக்கொள்ளப்படாது என 1896-இற் சட்டஞ் செய்தது. அரசியாரின் பக்கம் நின்று போராடிய பத்திரிகாசிரியரும் சட்டசபை உறுப்பினருமாகிய ஜோசப் நாவஹி என்பார் அவ்வாண்டிலேயே இறந்தார். 1898-இல் தீவுகள் அமெரிக்க நாட்டோடு சேர்க்கப்பட்டன.

அச்சட்டம் வீட்டிற் பேசுவதைத் தடுக்கவில்லை. ஆயினும் பள்ளியில் தம்மொழி பேசிய சிறுவர் தண்டனை பெற்றனர். அதனைக் கண்ட பெற்றோர், மக்களின் நலங்கருதித் தாமே வாய்மூடினர். கற்பிக்கப்படாத மொழிக்கு ஆசிரியரைப் பயிற்றுவார் யார்? வாய்க்கால் அடைபட்டபின் வயல் வறண்டது. 1983-இல் பதினெட்டு வயதிற்குட்பட்டோருள் ஹவாய்மொழியைச் செம்மையாகப் பேசவல்லார் ஐம்பதின்மரினுங் குறைவு என மதிப்பிட்டனர். நீஹவு என்னுஞ் சிறு தீவொன்றில் மட்டுமே அது வீட்டுமொழியாக நிலைத்திருந்தது.

இனி மீட்சியைக் கூறுவாம். 1972 முதல் லாரி கிமுரா என்னும் ஆசிரியர் வானொலியில் முதியோரை அழைத்து அவர்தம் மொழியிலேயே பேசச் செய்தார். 1978-இல் அரசியற் சட்டந் திருத்தப்பட்டு, ஆங்கிலத்தோடு ஹவாய்மொழியும் அரசாங்க மொழியாயிற்று. நியூஸிலந்து மயோரியர் 1982-இல் 'மொழிக்கூடு' என்னும் குழந்தைப் பள்ளிகளைத் தொடங்கியதையறிந்து, ஹவாய் ஆசிரியர் சிலர் 1983-இல் அதே பொருள்படும் 'புனான லேயோ' என்ற பெயரால் ஒரு கழகங் கண்டனர். அடுத்த ஆண்டு கவுவாயித் தீவிலுள்ள கெகஹாவில் முதற்பள்ளி தோன்றியது.

ஈண்டுத்தான் பெரியதொரு முட்டுப்பாடு நேர்ந்தது. மொழியறிந்த பாட்டிமாரிடம் ஆசிரியச் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் பெற்றவரிடம் மொழி இல்லை. சட்டமோ சான்றிதழையே கேட்டது. 1896-ஆம் ஆண்டின் தடையும் நீங்காதிருந்தது. பெற்றோர் சட்டசபையின் வாயிலில் ஆண்டுதோறும் முறையிட்டு, 1986-இல் இவ்விரு தளைகளையும் தளர்த்தினர். 1987-இல் பொதுப்பள்ளிகள் இரண்டில் ஹவாய்மொழி வகுப்புக்கள் தொடங்கின. பாடநூல்கள் இல்லாமையால், ஆங்கில நூல்களின் பக்கங்களில் மொழிபெயர்ப்புத் துண்டுகளைப் பெற்றோரும் ஆசிரியரும் ஒட்டிக் கொடுத்தனர். புதிய பொருள்களுக்குச் சொல் ஆக்க ஒரு குழுவும் அவ்வாண்டில் அமைந்தது.

குழந்தைகள் ஆண்டுக்கொரு வகுப்பு ஏறுவர். ஆசிரியரோ ஆண்டுக்கொருவர் தாமே முளைத்துவிடார். சட்டியில் இருந்தாலன்றோ அகப்பையில் வரும்? ஆதலின் அன்னோர் அடிப்பள்ளியோடு நில்லாது மேற்கல்வியிலுங் கருத்தூன்றினர். ஹீலோ நகரிலுள்ள பல்கலைக்கழகத்தில் 1989-இல் ஹவாய்மொழி நிலையமும், 1997-இற் சட்டசபையின் ஆணைப்படி தனிக் கல்லூரியும் தோன்றின. ஆங்கிலம் அறிந்திருந்தும் தம்மொழியன்றிப் பேச மறுத்த கேயெலிகோலானி இளவரசியின் பெயரை அக்கல்லூரிக்கு இட்டனர். 1998-இல் எம்.ஏ. வகுப்புத் தொடங்கியது, பழைய பத்திரிகைகளிற் புதைந்து கிடந்த கதையும் பாட்டும் அம்மாணவர்க்கு ஆராய்ச்சிக் களமாயின. பி.ஏ. முடித்தோர்க்கு ஆசிரியப் பயிற்சியும் அதே மொழியில் ஏற்பட்டது. முன்னரே மொழியிற் புலமையுடையாரே அதிற் சேரலாம். சேர்ந்தவர் ஓராண்டு முழுதும் பள்ளியில் இருந்து கற்பித்துப் பழகுதல் வேண்டும். 2006-இல் மொழியையும் பண்பாட்டையும் மீட்டலே பொருளாக டாக்டர் பட்ட வகுப்பும் ஏற்பட்டது.

பள்ளித் தலைமையைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். வகுப்பறையில் ஹவாய்மொழியும், அலுவலகத்தில் ஆங்கிலமும் வழங்குமாயின், தம்மொழி பாடத்திற்கு மட்டுமே உரியதென்று பிள்ளைகள் எளிதில் அறிந்துகொள்வர். இதனை நன்குணர்ந்தவர் கவனோயெ கமனா அம்மையாரும் அவர்தங் கணவர் வில்லியம் வில்சனும் ஆவர். முன்னர்க் கூறிய நாவஹியின் பெயரால் 1994-இல் ஹீலோவை அடுத்த கெயாவுவில் நிலைபெற்ற பள்ளியில், கணக்கும் கடிதமும் ஆசிரியர் கூட்டமும் விளையாட்டும் ஹவாய்மொழியிலேயே நடந்தன. ஆங்கிலம் குன்றுமோ என்று அஞ்சிய பெற்றோர்க்கு விடையாக, ஐந்தாம் வகுப்பு முதல் அதனைத் தனிப்பாடமாகக் கற்பித்தனர். ஜப்பானிய மொழியும் லத்தீனுங்கூட அங்குக் கற்பிக்கப்பட்டன. அப்பள்ளியின் தலைவியாயிருந்த கமனா அம்மையார் 2010-இல் அக்கல்லூரியிலேயே டாக்டர் பட்டம் பெற்றார். நடத்துவோரும் கற்போராயிருந்த அப்பள்ளியினின்று 1999-இல் முதல் மாணாக்கர் தேறி வெளிவந்தனர். நூற்றாண்டின் பின் தம்மொழியிலே பள்ளிப்படிப்பை முடித்தவர் அவரும் அவரோடொத்த சிலருமே.

குறைகள் இல்லாமலில்லை. புதியோர் பேச்சு முதியோர் பேச்சினின்று வேறுபடுகிறதென நீஹவுத் தீவினர் சொல்வதுண்டு. பயின்ற ஆசிரியர் போதாமையும் நீங்கிற்றில்லை. 2022-இற் சட்டசபை பழைய தடைக்கு வருத்தந் தெரிவித்துத் தீர்மானம் இயற்றியது. ஆனால் தொண்ணூறாண்டுத் தடையால் அற்றுப்போன ஆசிரியர் வழியைத் தீர்மானம் ஒன்றால் உண்டாக்கிவிட இயலாது.

அன்பர்களே, பள்ளிக்குக் கட்டடம் ஓராண்டில் எழும்; ஆசிரியர் ஒருவரை ஆக்க இருபதாண்டு செல்லும். ஹவாய்த் தீவினர் இழந்ததும் பள்ளியால், மீட்டதும் பள்ளியால். இரண்டிற்கும் இடைநின்ற வேற்றுமை ஆசிரியரே. ஆதலின் பள்ளிக்குப் பொருள் வழங்குவோர், கற்பிக்கவும் நடத்தவும் விரும்பும் இளைஞரின் மேற்கல்விக்கும் ஒரு பங்கு ஒதுக்குவாராக. நன்கு கற்ற மகனோ மகளோ ஆசிரியத் தொழிலை நாடுங்கால், வேறு வேலை கிடைக்கவில்லையோ என்று வினவாது, மகிழ்ந்து வாழ்த்தி அனுப்புவாராக. அதுவே ஒரு சமூகம் தன் பிற்காலத்திற்குச் செய்து வைக்கும் பெருந்தனமாம்.