கல் மனத்துத் தாய்

எடப்புளி நாடு முதலான நாடுகளைக் கொண்ட கொல்லிமலைக்கு ஒரு பழங்கதை உண்டு. சிரித்தே ஆளைக் கொல்லும் கொல்லிப்பாவையின் கதை. பெண்ணுருவம், உள்ளே நெஞ்சில்லை. கதை என்று தெரிந்தே நாம் அதைக் கேட்கிறோம். ஆனால் இருபதாம் நூற்றாண்டில், மெத்தப் படித்தவர்கள் அத்தகைய பாவை ஒன்றைச் செய்து, அதற்குத் 'தாய்' என்று பெயரிட்டார்கள். அதை உலகம் நம்பியும் விட்டது!

1943-ல் பால்டிமோர் நகரில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதினார். கூப்பிட்டால் திரும்பாமல், தமக்குள்ளேயே வாழ்ந்த குழந்தைகள். அந்த நிலையைக் குறிக்க அவர் எடுத்தாண்ட சொல்தான் ஆட்டிசம். அது பிறவியிலேயே அமைந்தது என்றுதான் கட்டுரையை முடித்தார். ஆயினும், பெற்றோர்களிடம் கனிவு குறைவு என்றும் ஒரு வார்த்தை போட்டு வைத்தார். அது போதாதா? 1949-ல், குளிர்ப்பெட்டியில் வைக்கப்பட்ட குழந்தைகள் என்று அவரே உவமை சொன்னார். 1967-ல் புரூனோ பெட்டல்ஹைம் அவர்களை நாஜி முகாம்களின் கைதிகளோடு ஒப்பிட்டார். குழந்தை கைதியென்றால் தாய் யார்? சிறைக் காவலாளி!

எதிர்வழக்காடியவர் ஒரு தகப்பனார். பெர்னார்ட் ரிம்லண்ட் உளவியல் கற்றவர்; அவருடைய மகனுக்கே ஆட்டிசம். காரணம் மூளையின் அமைப்பில் இருக்கிறது என்று 1964-ல் புத்தகம் எழுதினார். அதற்கு முன்னுரை தந்தவர் யார் தெரியுமா? கானரேதான்! 1969-ல் பெற்றோர் கூட்டமொன்றில், உங்கள்மீது குற்றமில்லை என்று கானர் அறிவித்தார். 1977-ல் 21 ஜோடி இரட்டையரை ஆராய்ந்த ஸூசன் ஃபோல்ஸ்டைனும் மைக்கேல் ரட்டரும் பரம்பரைக் கூறே வலியது என்று காட்டினார்கள்.

வழக்கு அத்துடன் தீர்ந்ததா? இல்லை. 1998-ல் 12 குழந்தைகளை வைத்து, தடுப்பூசியின்மேல் பழியைப் போட்டது ஒரு லண்டன் கட்டுரை. அதை வெளியிட்ட 'லான்செட்' பத்திரிகையே 2010-ல் திரும்பப் பெற்றது. தாயை விடுவித்த ரிம்லண்டும் பிற்காலத்தில் தடுப்பூசியைச் சந்தேகித்தவர்தான். ஒரு முறை சரியாகச் சொன்னவர் எப்போதும் சரியாகச் சொல்வார் என்பதில்லை.

பல மரபணுக்கள் சேர்ந்தும், கருவிலிருக்கும்போதே நேரும் சில காரணங்களாலும் இது உண்டாகிறது என்பதே இன்றைய முடிவு. நம் ஊரிலோ, 'பெற்றவள் செய்த பாவம்' என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, பேசாத பிள்ளையை இடுப்பில் சுமந்துகொண்டு மலையிறங்கும் தாய் ஒருத்தியை நினைத்துப் பாருங்கள். கல் மனம் அவளுக்கா, பழி சொல்லுகிற நமக்கா?