லோடு வண்டி பந்தயத்துக்கு வந்த கதை

பாகூரில் நெல் மூட்டை ஏற்ற வேண்டுமா, வில்லியனூரில் கல்யாண வீட்டுக்குப் பாத்திரம் இறக்க வேண்டுமா, கூப்பிடு குட்டியானையை! முன்னால் சின்ன கேபின், பின்னால் திறந்த பாடி, அவ்வளவுதான் பிக்கப். இந்த வண்டியை உள்ளங்கை அளவுக்குச் சுருக்கி, மின்சாரத் தடத்தில் விட்டு, வெளிநாடுகளில் நரைத்த தலைக்காரர்கள்கூட மணிக்கணக்கில் பந்தயம் ஓட்டுகிறார்கள். சுமை தூக்கப் பிறந்த வண்டிக்கு இந்த வாழ்வு எப்படி வந்தது?

வேடிக்கை என்னவென்றால், பொம்மைத் தடம் பிக்கப்பை விட வயதில் மூத்தது. பொம்மை ரயில் விற்றுவந்த அமெரிக்காவின் லயனல் நிறுவனம் 1912இல் மின்சார பொம்மைக் கார்களை இறக்கியது. தடத்தின் நடுவே ஒரு பள்ளம், காரின் அடியில் அதில் இறங்கி ஓடும் ஒரு முளை. இன்றைய ‘ஸ்லாட் கார்’ அதே தத்துவத்தில்தான் ஓடுகிறது. ஆனால் சில ஆண்டுகளிலேயே லயனல் அதைக் கைவிட்டுவிட்டது.

அந்தக் காலத்தில் அமெரிக்க விவசாயிகள் ஃபோர்டு மாடல் டி காரின் பின்பக்கத்தைக் கழற்றிவிட்டு, மரப்பெட்டியைப் பொருத்தி மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். வாடிக்கையாளர் செய்த ஒட்டுவேலையைப் பார்த்து நிறுவனமே காப்பியடித்தது. 1925இல் பெட்டியோடு கூடிய மாடல் டியை ஃபோர்டு 281 டாலருக்கு விற்றது. ஆஸ்திரேலியாவில் ஒரு விவசாயியின் மனைவி, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் திங்கட்கிழமை பன்றிகளோடு சந்தைக்கும் போக ஒரே வண்டி கேட்டு ஃபோர்டுக்குக் கடிதம் எழுதினார் என்பார்கள். லூயிஸ் பேண்ட் என்ற இளம் வடிவமைப்பாளர் 1934இல் அப்படியொரு வண்டியைக் கொடுத்தார்.

பொம்மைத் தடத்துக்கு மறுவாழ்வு இங்கிலாந்தில் கிடைத்தது. சுருள்வில் விசையில் ஓடும் தகரக் கார்களை 1952 முதல் விற்றுவந்த ஃபிரெட் ஃபிரான்சிஸ், அவற்றில் மோட்டாரைப் பொருத்தி 1957இல் ‘ஸ்கேலெக்ஸ்ட்ரிக்’ என்று கடைவிரித்தார். பள்ளத்தின் இரு ஓரமும் உலோகப் பட்டை, அதில் மின்சாரம், ஆட்டக்காரர் வண்டியை ஓட்ட ஒரு விசை. இன்னொரு ஆங்கிலேய நிறுவனத்தின் இன்னும் சிறிய தடத்துக்கு உரிமம் வாங்கிய அரோரா நிறுவனம், 1960இல் அதை அமெரிக்காவில் விற்று வீடு வீடாகக் கொண்டுசேர்த்தது. அப்போது தடத்தில் ஓடியவை பெரும்பாலும் பளபளக்கும் கார்கள்.

பிக்கப்பின் கதையில் அடுத்த திருப்பத்தைத் தந்தது கோழி! அமெரிக்காவின் மலிவான கோழிக்கறி ஐரோப்பாவில் குவிய, அங்கே வரி விதித்தார்கள். பதிலடியாக, இறக்குமதியாகும் சிறு லாரிகள் மீது அமெரிக்கா 1964இல் 25 சதவீத வரி போட்டது. ஜப்பானியர் அசரவில்லை. பின்பாடி இல்லாத வெறும் கேபினையும் சேஸியையும் குறைந்த வரியில் அனுப்பி, அங்கே போனபின் பாடியைப் பூட்டினார்கள். இப்படி நுழைந்த டாட்சன், டொயோட்டா பிக்கப்களை மெக்சிகோவின் பாஹா பாலைவனத்துக்கும் ஓட்டிப்போனார்கள். அங்கே 1967இல் தொடங்கிய கரடுமுரடான பந்தயம் இன்றும் நடக்கிறது. எழுபதுகளில் அரோரா, டாட்சன் பாஹா பிக்கப்பையே பொம்மையாக்கித் தடத்தில் இறக்கியது. பாலைவனப் பந்தயக்காரர்கள் போய்க் கேட்டதன் பேரில், 1995இல் அமெரிக்காவின் நாஸ்கார் அமைப்பு பிக்கப்களுக்கென்றே தனிப் பந்தயத் தொடர் தொடங்கியது. பொம்மைக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அந்த வண்ண வண்டிகளும் தடத்துக்கு வந்தன.

தாழ்ந்த ரேஸ் கார் வளைவில் தரையோடு ஒட்டிப் போகும். பிக்கப்புக்கு உயரம் அதிகம்; கேபின் கனக்கும், பின்பாடி காலி. விசையைக் கொஞ்சம் கூட அழுத்தினால் வால் விசிறும், இன்னும் அழுத்தினால் பள்ளத்தை விட்டுக் குட்டிக்கரணம். அதனால் விரல் பக்குவம்தான் ஜெயிக்கும். இதோடு, உழைக்கும் வண்டி ஓடிக் காட்டுவதில் தனிக் கிளர்ச்சி உண்டு. ஏர் பூட்டும் மாட்டை ரேக்ளாவில் பூட்டிப் பார்க்கும் நமக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் பிக்கப்புக்குப் பெரிய அலை 2005இல் வந்தது. கிரிஷ் வாக் தலைமையிலான குழு உருவாக்கிய டாடா ஏஸ், இரண்டு சிலிண்டர் டீசல் என்ஜினோடு மூன்று சக்கர லோடு ஆட்டோவின் பிழைப்பில் கைவைத்தது. நாம் குட்டியானை என்று பெயர் வைத்துச் சேர்த்துக்கொண்டோம். 2011இல் ஓசூரிலிருந்து அசோக் லேலண்ட் ‘தோஸ்த்’ போட்டிக்கு வந்தது. 2014இல் டாடா தன் பெரிய ‘பிரைமா’ லாரிகளை கிரேட்டர் நொய்டா பந்தயத் தடத்தில் ஓடவிட்டு, லாரிப் பந்தயத்தையும் இந்தியாவுக்குக் காட்டியது.

அப்படியானால் நம் குட்டியானையும் பொம்மைத் தடத்தில் இறங்கலாமே! ஸ்லாட் காருக்கு மேல்பாடி எவ்வளவு லேசோ அவ்வளவு நல்லது. வில்லியனூரை அடுத்த திருக்கனூரில் காகிதக்கூழ் பொம்மை செய்யும் கைகள் இருக்கின்றன. அவர்களின் வேலைக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. உள்ளீடற்ற, எடை குறைந்த உருவங்கள் அவர்களுக்குக் கைவந்த கலை. மோட்டாரும் தடமும் எங்கிருந்தும் வாங்கலாம். பொம்மை வியாபாரிகள் யாராவது அவர்களிடம் ஒரு குட்டியானைக்கு ஆர்டர் கொடுத்துப் பார்க்கட்டும்.