எக்ஸ் கதிர் அகத்துறிஞ்சல் நிறமாலையியலும் அதன் பயிற்சி மரபும்: மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து ஒரு நோக்கு

மட்டக்களப்பு வாவியின் அடிச்சேற்றில் இரும்பு எவ்வளவு, குரோமியம் எவ்வளவு என அளவிடுதல் இன்று அரிய செயலன்று. ஆனால் அவ்விரும்பு சல்பைட்டாக உள்ளதா, ஒட்சைட்டாக உள்ளதா. அக்குரோமியம் நஞ்சு மிகுந்த ஆறு வலுவளவு நிலையினதா, தீங்கு குறைந்த மூன்று வலுவளவு நிலையினதா என்னும் வினாக்களுக்கு மொத்த அளவு விடை கூறாது. வயல்நிலங்களின் வடிகால் நீரையும் நகரின் கழிவையும் ஏற்கும் ஒரு வாவியில், மீனுக்கும் மீனவர்க்கும் முக்கியமானவை இவ்வினாக்களே. இவற்றுக்கு விடை தரவல்ல முறைகளுள் ஒன்று எக்ஸ் கதிர் அகத்துறிஞ்சல் நிறமாலையியல். அதன் வரலாறு, நூல்வழியிலும் பார்க்கக் கைவழியாகவே பரவிய ஓர் அறிவின் வரலாறு எனலாம்.

றொஞ்சன் எக்ஸ் கதிரைக் கண்டது 1895 இல். பதினெட்டு ஆண்டுகளின் பின், 1913 இல், பாரிசு நகரில் மோறிசு த புறோய் என்பார் பதிவுப் பாரமானியொன்றின் கடிகாரப் பொறியிலே பளிங்கொன்றைப் பொருத்தி, அதனை மிக மெதுவாகச் சுழலவிட்டுக் கதிர்களை ஒளிப்படத் தட்டில் பதிவுசெய்தார். தட்டின் இரண்டு இடங்களில் கருமை திடீரென மாறியிருந்தது. தட்டிற் பூசப்பட்ட கலவையிலிருந்த வெள்ளி, புரோமீன் அணுக்கள் கதிரை உறிஞ்சியமையே அதற்குக் காரணம் என்பது பின்னரே தெளிவாயிற்று. ஆய்வுப் பொருளென எவரும் கருதாத தட்டே முதல் ஆய்வுப் பொருளாயிற்று! கருவியைத் தம் கையாற் கட்டியவருக்கே இத்தகைய தற்செயல்கள் பயன்தருகின்றன.

சுவீடனின் லுண்ட் நகரில் சீக்பானின் ஆய்வுகூடம் இக்கலையின் பட்டறையாக விளங்கியது. அங்கே 1920 இல் பிரிக்கே, உறிஞ்சல் விளிம்பையடுத்து மெல்லிய ஏற்ற இறக்கங்கள் தோன்றுவதை அளந்து காட்டினார். சீக்பான் உப்சாலாவுக்குச் சென்றபின் அவரிடம் பயின்றவர்களுள் கல்கத்தாவின் பிதுபூஷண் ராயும் ஒருவர். இந்தியாவுக்கு இத்துறை வந்த வழிகளுள் இந்தக் குரு சீட வழியும் ஒன்று.

அவ்வேற்ற இறக்கங்களின் பொருளை விளக்கக் குறோனிக் 1931 இல் கொள்கையொன்றை முன்வைத்தார். எனினும் நாற்பது ஆண்டுகள் கருத்து வேறுபாடு நீடித்தது. 1971 இல் சேயர்சு, இசுற்றேண், லைற்றில் ஆகிய மூவரும் பூரியே உருமாற்றத்தைப் பயன்படுத்தி, அவ்வலைவுகளிலிருந்து ஓர் அணுவுக்கும் அதன் அயலணுக்களுக்கும் இடையிலான தூரத்தைப் பெறலாமெனக் காட்டினர். மூவருள் சேயர்சு அப்போது ஆராய்ச்சி மாணவர் என்பது குறிப்பிடத்தக்கது. இதன்பின் கலிபோர்ணியாவின் இசுற்றன்போட்டில் சிங்குரோத்திரன் கதிர் கிடைத்தது. பத்தாண்டுகளிற் சேர்த்ததிலும் மிகுதியான தரவை மூன்றே நாட்களிற் பெற்றதாக லைற்றில் பின்னாளில் எழுதியுள்ளார்.

தென்னாசியாவில் இந்தூர் நகரின் இந்துஸ்-1 வளையம் 1999 இலும், 2.5 கிகா இலத்திரன்வோற்று ஆற்றலுடைய இந்துஸ்-2 அதன் பின்னரும் இயங்கத் தொடங்கின. இந்துஸ்-2 இன் எட்டாம், ஒன்பதாம் கதிர்வழிகள் இம்முறைக்கெனவே அமைந்தவை. இலங்கையில் இத்தகைய வளையம் இல்லை.

செயன்முறைப் பயிற்சியிற் கற்பிக்கப்படுவன பார்வைக்கு எளியனவே. மாதிரியை நுண்தூளாக அரைத்தல், போரன் நைத்திரைட்டுடன் கலந்து வில்லையாக அழுத்துதல், தூய உலோகத் தகட்டைக் கொண்டு ஆற்றல் அளவைச் சரிபார்த்தல், பின்னணியைக் கழித்தல். ஆயினும் வில்லை மிகத் தடித்தாலோ, அதில் ஊசித்துளையளவு வெளி இருந்தாலோ வரைபு உருத்திரியும். திரிந்த வரைபும் அழகிய வரைபாகவே தோன்றும் என்பதுதான் ஆபத்து. அதனைப் பிரித்தறியும் கண், பிழையான வில்லைகள் பலவற்றைச் செய்து பார்த்த பின்னரே வாய்க்கிறது.

தமிழிற் சொற்கள் இதற்கு முன்னரே வந்துவிட்டன. காரைதீவிற் பிறந்து, மட்டக்களப்பு மிக்கேல் கல்லூரியிற் கற்று, 1916 இல் கொழும்பிலே விஞ்ஞான டிப்ளோமாப் பெற்று, யாழ்ப்பாணத்தில் விஞ்ஞான ஆசிரியராகவும் பணியாற்றிய விபுலாநந்த அடிகள், 1936 இல் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை வகித்தார். நிறமாலை என்று தமிழகம் வழங்கியதை இலங்கைக் கலைச்சொற்றொகுதிகள் திருசியம் என்றன. எச்சொல் சிறந்தது என்ற விவாதத்திற் செலவான மையிலும் பார்க்க, திருசியமானியை மாணவர் கையிற் கொடுப்பதற்குச் செலவான முயற்சி குறைவே. அடிகளிடம் இக்குறை இருக்கவில்லை. சொல்லாக்கத்தில் ஈடுபட்ட அவரே பழந்தமிழ் யாழ்களின் நரம்பு விகிதங்களைக் கணித்து, அக்கருவிகளை மீள உருவாக்குவித்து, 1947 இல் ‘யாழ் நூல்’ அரங்கேற்றத்தில் இசைக்கச் செய்தார்.

வளையம் இல்லாமையால் இப்பயிற்சி முழுவதும் கடல்கடந்ததே எனக் கருதவேண்டியதில்லை. தரவு கைக்கு வந்தபின் கணிப்புக்கு ஒரு கணினி போதும். அதனினும் முக்கியமான முதற்கட்டம் வாவிக்கரைக்கே உரியது. ஒட்சிசனற்ற கருஞ்சேறு வெளிக்காற்றுப் பட்டதும் அதிலுள்ள இரும்புச் சல்பைட்டு ஒட்சியேற்றமடையத் தொடங்குகிறது. ஆகவே அதனைத் தோணியிலேயே நைதரசன் வாயுவின் கீழ் அடைத்து, குளிரிற் பேணி அனுப்புதல் வேண்டும். தோணியில் அடைக்கத் தவறிய மாதிரியை இந்தூரில் எவராலும் மீட்க இயலாது.