தமுக்கு, திண்ணை, கம்ப்யூட்டர்

எங்க தாத்தா ஊருக்குத் தமுக்கடிக்கிறவர். கிஸ்தி கட்டக் கடைசி நாள், அம்மை குத்த ஆள் வந்திருக்கு, கண்மாய் மடை திறக்கப்போறாங்க, ஜமாபந்திக்கு அதிகாரி வாரார். எதுவானாலும் அவர் தோளில் தமுக்கு ஏறும். ஊர்த்தெரு நாலிலும் செருப்பில்லாமல் நடந்து, முச்சந்தியில் நின்று அடித்து, மனப்பாடமாகச் சொல்லிவிட்டு வருவார். எங்கள் சேரிக்குள் அவர் அடித்ததே இல்லை. "நம்மகிட்ட நிலமா இருக்கு கிஸ்தி கட்ட? நமக்கெதுக்குடா தமுக்கு?" என்பாராம். அரசாங்கத்தின் சேதியை ஊரில் முதலில் கேட்டவர் அவர்தான். அந்தச் சேதியால் பலனடைகிற ஜனம் வேறு தெருவில் இருந்தது.

இன்று சாதிச் சான்றிலிருந்து பட்டா வரைக்கும் அரசாங்கம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டது. வீட்டிலிருந்தபடியே வாங்கிக்கொள்ளலாம் என்கிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குத் தாத்தாவின் தமுக்கு ஞாபகத்துக்கு வருகிறது. ஒரு சேவை இருக்கிறது என்பதை யார் யாருக்குச் சொன்னார்கள்? அதை வாங்க எந்தத் தெருவுக்குப் போக வேண்டியிருந்தது? அங்கே உட்கார்ந்திருந்தது யார்? இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் எழுதப்படுகிற நிர்வாக வரலாறு நம்முடைய வரலாறு ஆகாது.

1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். பொதுச்சாலை, பொதுக்கிணறு, பொது அலுவலகம் ஆகியவற்றில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைய எந்தத் தடையும் கிடையாது என்று அரசு அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். தீர்மானம் நிறைவேறி, செப்டம்பரில் அரசாணையும் வந்தது. கிணற்றையும் சாலையையும் பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். பொது அலுவலகம் என்ற வார்த்தையைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. ஆபீசுக்குள் கால் வைக்கிற உரிமைக்கும் தனியாக ஒரு ஆணை போட வேண்டியிருந்தது என்பதுதான் இந்த நாட்டின் நிலைமை. அந்த ஆணையை எங்கள் ஊரில் யாரும் தமுக்கடித்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அடித்தது எங்கள் தாத்தாவாகவோ அவருடைய அப்பாவாகவோதான் இருந்திருக்கும். வீட்டில் ஒரு பேச்சாவது மிஞ்சியிருக்கும்.

ஐம்பத்துநாலு வருஷம் கழித்து, 1978இல், நான் எட்டாவது முடித்தேன். டவுன் ஆஸ்டலில் சேர சாதிச் சான்று வேண்டும். தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டுமென்றால் முதலில் கணக்குப்பிள்ளை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆபீசு என்று தனியாக ஒன்றும் கிடையாது, அவர் வீட்டுத் திண்ணைதான் ஆபீசு. எங்கய்யா மூன்று நாள் திண்ணைக்குக் கீழே வெயிலில் நின்றார். நானும் நின்றேன். நாலாம் நாள், "களத்துமேட்டைச் சாணி போட்டு மெழுகிட்டு வா, எழுதித் தாரேன்" என்றார் அவர். எங்கம்மாவும் அக்காவும் பொழுது சாயுமட்டும் மெழுகினார்கள். கூலி கிடையாது. சாயங்காலம் ரெண்டு வரி எழுதின சீட்டைத் திண்ணையிலிருந்து கீழே போட்டார். எங்கய்யா குனிந்து பொறுக்கி, மண்ணைத் தட்டி, மடியில் வைத்துக்கொண்டார். அரசாங்கத்திடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் சேவை அது.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். ஆட்சி ஒரு அவசரச் சட்டத்தின் மூலம் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை ஒழித்தது. வழக்குப் போட்டார்கள். 1982இல் உச்ச நீதிமன்றமும் ஒழித்தது செல்லும் என்று சொல்லிவிட்டது. தேர்வு எழுதி வருகிற கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நம் பிள்ளைகளும் வி.ஏ.ஓ. ஆனார்கள். இது சின்ன மாற்றமில்லை. ஒரு சாதியின் வீட்டுத் திண்ணையில் கிடந்த கணக்குப் புத்தகம் பொதுக் கைக்கு வந்தது. ஆனால் எங்கள் ஊரில் வி.ஏ.ஓ. ஆபீசு ஊர்த்தெருவில்தான் இருந்தது. போகிற வழியில், "எங்கடா போற?" என்று கேட்கிற வாய்கள் அப்படியேதான் இருந்தன.

மேலூர் தாலுகாவை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்துத் தாலுகா. 1996இல் மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் பதவி நமக்கென்று ஒதுக்கப்பட்டு, முருகேசன் தலைவரானார். அவரைப் பஞ்சாயத்து ஆபீசில் உட்கார்ந்து வேலை பார்க்க விடவில்லை. 1997 ஜூன் 30 அன்று மதுரை கலெக்டர் ஆபீசுக்குப் போய்விட்டு பஸ்ஸில் திரும்பும்போது அவரையும் உடன்வந்தவர்களையும் வெட்டினார்கள். ஆறு பேர் செத்தார்கள். அரசாங்கத்தின் கட்டடத்துக்குள் நாம் போய் உட்காருவது என்பதன் விலை அந்தத் தாலுகாவில் அதுவாக இருந்தது.

நாலு வருஷம் கழித்து, 2001 கடைசியில், அதே மேலூர் தாலுகாவில்தான் கிராமத்து இன்டர்நெட் மையங்கள் திறந்தார்கள். 'சாரி' என்று அந்தத் திட்டத்துக்குப் பேர். சென்னை ஐ.ஐ.டி.யும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் என்-லாக் கம்பெனியும் சேர்ந்து நடத்தியது. கம்பியில்லாத் தொலைபேசி வழியாக இணைப்பு. சாதிச் சான்று, வருமானச் சான்று, பிறப்பு இறப்புச் சான்று, முதியோர் பென்ஷன் இதற்கெல்லாம் கிராமத்திலிருந்தே தாலுகா ஆபீசுக்கு மனு அனுப்பலாம். பஸ் காசு மிச்சம், கூலி நாள் மிச்சம். மனுக்களும் கூடின. ஆனால் அது நிலைக்கவில்லை. ஆர்வமாக நடத்திய அதிகாரிகள் மாறிப்போனார்கள், பயிற்சி எடுத்த ஊழியர்கள் வேறு ஆபீசுக்குப் போனார்கள், மனு வாங்குகிற வேலை படுத்துவிட்டது.

அந்த மையங்களை ஆராய்ச்சி செய்தவர்கள் எழுதி வைத்திருக்கிற ஒரு விஷயம் நமக்கு முக்கியம். மையங்களுக்கு வந்தவர்களில் அதிகம் பேர் படித்தவர்கள், இளைஞர்கள், ஆண்கள், வசதியுள்ளவர்கள். ஆனால் மையம் சேரிக்குப் பக்கத்தில் இருந்த இடங்களிலும், அதை நடத்தியவர் நம்மவராக இருந்த இடங்களிலும் நம் ஜனம் கூடுதலாக வந்தார்கள். இதைச் சொல்ல ஆராய்ச்சி எதற்கு என்று எங்கள் தெருக்கிழவி கேட்பாள். இருந்தாலும் காகிதத்தில் வந்தால்தானே அரசாங்கம் நம்புகிறது! ஒரே கம்ப்யூட்டர்தான், ஒரே ஒயர்தான். அது எந்தத் தெருவில் இருக்கிறது என்பதை வைத்து அது யாருடையது என்பது முடிவாகிவிடுகிறது.

2006இல் மத்திய அரசு தேசிய மின்னாளுகைத் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2007இல் தமிழ்நாட்டில் மின் ஆளுமைக்குத் தனி முகமை வந்தது. அப்புறம் அரசு கேபிள் டி.வி. நிறுவனம், கூட்டுறவுக் கடன் சங்கங்கள், வறுமை ஒழிப்புச் சங்கங்கள் வழியாக இ-சேவை மையங்கள் பரவின. நல்லதை நல்லது என்று சொல்ல வேண்டும். சீட்டை யாரும் மண்ணில் போடுவதில்லை. களத்துமேட்டை யாரும் மெழுகச் சொல்வதில்லை. கட்டணம் இவ்வளவு என்று எழுதிப் போட்டிருக்கிறது. கம்ப்யூட்டர் சாதி கேட்டுத் திண்ணைக்குக் கீழே நிறுத்தாது.

அப்படியானால் 2021இல் என் தங்கச்சி மகளுக்கு என்ன நடந்தது? நர்சிங் டிப்ளமோ சேர்ந்திருந்தாள். ஸ்காலர்ஷிப்புக்கு வருமானச் சான்று வேண்டும். கையில் போன் இருக்கிறது, பன்னிரண்டாவது படித்த பிள்ளை, தானே போட்டுவிடலாம் என்று உட்கார்ந்தாள். ராத்திரி பத்து மணிக்கு எனக்குப் போன்.

"மாமா, வெப்சைட்டுல எல்லாம் இருக்கு மாமா. எங்க இருக்குன்னுதான் தெரியல."

அவளைக் குறை சொல்ல முடியாது. அவளுக்குத் தெரிந்தது 'ஸ்காலர்ஷிப்புக்கு இன்கம் சர்டிபிகேட்டு' என்பது. பக்கத்தில் இருந்தது துறைகளின் பேர். வருமானச் சான்று வருவாய்த்துறையில் வரும், அதற்கு ஒரு குறியீட்டு எண் உண்டு, அதற்கும் முன்னால் 'கேன்' நம்பர் என்று ஒன்று வாங்க வேண்டும் என்பதெல்லாம் துறைக்குள் இருக்கிறவனுக்குத் தெரியும். கூலிக்காரன் மகளுக்கு யார் சொன்னது? கடைசியில் டவுனில் ஒரு தனியார் கடையில் போய்க் கொடுத்தாள். அரசுக் கட்டணத்தைப் போலப் பல மடங்கு வாங்கினார்கள். அவள் போன் நம்பர் கேட்கும் இடத்தில் கடைக்காரர் தன் நம்பரைப் போட்டுக்கொண்டார். ரேஷன் கார்டு சரியாகத் தெரியவில்லை என்று மனு திரும்பிவிட்டது. அந்தக் குறுஞ்செய்தி கடைக்காரர் போனுக்குப் போனது. அவருக்கு ஒரு நாளைக்கு நூறு குறுஞ்செய்தி வரும். இவள் இன்று வரும் நாளை வரும் என்று மூன்று வாரம் காத்திருந்தாள். தெரியவந்தபோது கடைசித் தேதி முடிந்து ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த வருஷக் கட்டணத்துக்கு என் தங்கச்சி தோட்டை அடகு வைத்தாள்.

எங்கய்யாவுக்கு யார் மறுக்கிறார் என்று தெரிந்தது. முகம் தெரிந்தது, வீடு தெரிந்தது. இவளுக்கு மறுக்கப்பட்டதே தெரியவில்லை. யாரும் அவளைத் திட்டவில்லை, யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் போனது போனதுதான்.

எதைத் தேடினால் கிடைக்கும் என்பதிலும் அரசியல் உண்டு. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் கொடுத்த அறிக்கைக்குப் பிறகு, 1892இல் நமக்கென்று நிலம் ஒதுக்கும் ஆணை வந்தது. அந்தப் பஞ்சமி நிலத்தைக் கேட்டதற்காகத்தான் 1994 அக்டோபர் 10 அன்று காரணைப் போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார்கள். இன்று அ-பதிவேட்டை இணையத்தில் பார்க்கலாம். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே எண் கொடுத்தால் வரும். சர்வே எண் தெரிந்தவன் நிலத்தை வைத்திருக்கிறவன். நிலத்தை இழந்தவனிடம் இருப்பது, 'வாய்க்காலுக்குத் தெற்கே அந்த மேட்டாங்காடு பூரா நம்மது' என்று பாட்டன் சொன்ன வாய்ச்சொல் மட்டும்தான். அந்த வாய்ச்சொல்லை வைத்துத் தேட அங்கே இடமில்லை. 'இந்த ஊரில் பஞ்சமி நிலம் எவ்வளவு?' என்று கேட்டால் பதில் தருகிற பெட்டி ஒன்றை அந்தப் பக்கத்தில் வைக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

அரசாங்கத்தால் முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். 2023இல் மகளிர் உரிமைத்தொகைக்கு ரேஷன் கடை ஊழியர்கள் வீடு வீடாக வந்து டோக்கனும் விண்ணப்பமும் கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கும் வந்தார்கள். எந்த நாள், எந்த இடம் என்று டோக்கனிலேயே இருந்தது. படிக்காத பொம்பளைகளும் எழுதிப் போட்டார்கள். தொடங்கிய அந்தச் செப்டம்பரிலேயே 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மேல் பணம் போனது. சேவை தெருவைத் தேடி வந்தால் ஜனம் வாங்கிக்கொள்ளும். ஜனம் சேவையைத் தேடி அலைந்தால் புரோக்கர் வாங்கிக்கொள்வான்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது தெளிவாக இருக்கிறது. துறையின் பேரை வைத்து அடுக்காமல் ஜனங்களின் தேவையை வைத்து அடுக்குங்கள். 'மகளைக் காலேஜில் சேர்க்கணும்' என்று தேடினால் எந்தெந்தச் சான்று, எத்தனை நாள், எவ்வளவு காசு என்று ஒரே இடத்தில் வர வேண்டும். மனுப் போடுகிறவரின் நம்பரைத்தான் பதிய வேண்டும். மனு திரும்பினால் ஏன் திரும்பியது என்று நாலாவது படித்தவருக்கும் புரிகிற தமிழில் எழுத வேண்டும். மையத்தை நம் குடியிருப்பில் வையுங்கள், நம் பெண்களை அதில் உட்கார வையுங்கள். இப்போது வருஷத்துக்கு ஆறு கிராமசபை நடக்கிறது. ஒவ்வொன்றிலும் திரும்பி வந்த மனுக்களின் எண்ணிக்கையையும் காரணங்களையும் வாசியுங்கள்.

2022 ஆகஸ்டில் தலைமைச் செயலாளர் தண்டோரா போடும் பழக்கத்தை நிறுத்தச் சொல்லிக் கலெக்டர்களுக்குக் கடிதம் எழுதினார். வண்டியில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்லலாம் என்றார். படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. தாத்தா இருந்திருந்தால் வாசித்துக் காட்டியிருப்பேன். தமுக்கு எங்கள் தோளைவிட்டு இறங்க வேண்டியதுதான். ஆனால் சேதி சொல்லும் வேலை தமுக்கோடு முடிந்துவிடக் கூடாது. இத்தனை சேவையை ஏற்றி வைத்துவிட்டு ஒரு தெருவுக்கும் சொல்லாமல் இருந்தால் எப்படி?

தங்கச்சி மக இப்போது ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறாள். லீவுக்கு வந்தால் எங்கள் தெரு ராப்பள்ளிக்கூடச் சுவரில் சாக்பீஸால் எழுதிப் போடுகிறாள்: எந்தச் சான்று எதற்கு, என்ன காகிதம், என்ன கட்டணம், எந்தத் தேதிக்குள். கடைசி வரியை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறாள்: "உங்க போன் நம்பரைக் குடுங்க. கடைக்காரர் நம்பரைப் போட விடாதீங்க."