அணுகல் புள்ளிப் பெயர்

அணுகல் புள்ளிப் பெயர் (ஏபிஎன்) என்பது, செல்பேசி ஒன்று தன் சேவை நிறுவனத்தின் வலையமைப்பிலிருந்து இணையத்துக்குச் செல்லும் நுழைவாயிலைக் குறிக்கும் பெயர் ஆகும். இரண்டாம், மூன்றாம் தலைமுறை வலையமைப்புகளில் பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் இப்பெயர் தேவைப்படுவதில்லை. எனவே இது தவறாக உள்ள செல்பேசியில் அழைப்புகள் வழக்கம்போல் வரும். இணையம் மட்டும் கிடைக்காது. எந்த நிறுவனத்தின் சிம் அட்டையையும் ஏற்கும் பூட்டப்படாத செல்பேசிகளில் பயனரே இப்பெயரை உள்ளிட வேண்டிய நிலை ஏற்படுவதுண்டு. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் சென்றோர் வழியாகச் செல்பேசிகள் வந்துசேரும் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் உள்ளிட்ட காவிரிப் படுகை மாவட்டங்களில் இது பழக்கமான சிக்கலாகும்.

பெயரின் அமைப்பு

அணுகல் புள்ளிப் பெயர் இரு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி எந்த வெளி வலையமைப்புடன் இணைய வேண்டும் என்பதைச் சுட்டும். பயனர் தட்டச்சிடுவது இப்பகுதியை மட்டுமே. இரண்டாம் பகுதி சேவை நிறுவனத்தைச் சுட்டும். இது நாட்டுக் குறியெண், நிறுவனக் குறியெண் ஆகியவற்றிலிருந்து வலையமைப்பால் தானாகச் சேர்க்கப்படுகிறது. இந்திய நிறுவனங்களின் சிம் அட்டைகளில் நாட்டுக் குறியெண் 404 அல்லது 405 ஆக இருக்கும்.

பெயரில் ஆங்கில எழுத்துகள், எண்கள், இணைப்புக்கோடு ஆகியவை இடம்பெறலாம். பகுதிகளைப் பிரிக்கப் புள்ளி பயன்படும். இடைவெளி இருத்தலாகாது.

செயற்படும் விதம்

ஜிபிஆர்எஸ் வலையமைப்பில் செல்பேசி இணைய இணைப்பைக் கோரும்போது அணுகல் புள்ளிப் பெயரையும் சேர்த்து அனுப்புகிறது. வலையமைப்பு அப்பெயருக்குரிய நுழைவாயிலைத் தன் பெயர் வழங்கியில் தேடிக் கண்டறிகிறது. பயனரின் கணக்குக்கு அந்த நுழைவாயிலைப் பயன்படுத்தும் உரிமை இருந்தால் செல்பேசிக்கு ஓர் இணைய முகவரி வழங்கப்படும். இல்லையெனில் கோரிக்கை மறுக்கப்படும். ஆகவே சிம் அட்டையில் இணையச் சேவை இயக்கப்படாதிருந்தால், பெயரைச் சரியாக உள்ளிட்டும் பயன் விளையாது.

நான்காம் தலைமுறையில் செல்பேசி வலையமைப்பில் சேரும்போதே இணைய இணைப்பும் உருவாகிறது. செல்பேசி பெயர் எதையும் அனுப்பாவிட்டால், கணக்கில் பதிவாகியுள்ள இயல்பிருப்புப் பெயரை வலையமைப்பு பயன்படுத்திக்கொள்ளும். ஐந்தாம் தலைமுறையில் இதே பணியைச் செய்யும் பெயர் 'தரவு வலையமைப்புப் பெயர்' எனப்படுகிறது.

பூட்டிய செல்பேசியும் பூட்டப்படாத செல்பேசியும்

அமெரிக்கா போன்ற நாடுகளில் சேவை நிறுவனங்கள் செல்பேசியைக் குறைந்த விலைக்கு விற்று, அதைத் தம் சிம் அட்டைக்கு மட்டும் இயங்குமாறு பூட்டி வைத்தன. இந்தியாவில் பெரும்பாலான ஜிஎஸ்எம் செல்பேசிகள் பூட்டப்படாமலே விற்கப்பட்டன. 2000களில் ரிலையன்ஸ், டாட்டா இண்டிகாம் நிறுவனங்கள் விற்ற சிடிஎம்ஏ செல்பேசிகள், 2008 ஆகஸ்டில் ஏர்டெல், வோடஃபோன் நிறுவனங்கள் வழியாக வந்த ஐபோன் 3ஜி, 2017இல் வெளியான ஜியோபோன் ஆகியவை விலக்குகளாகும்.

பூட்டிய செல்பேசியில் அந்த நிறுவனத்தின் அமைப்புகள் முன்னரே பதிக்கப்பட்டிருக்கும். பூட்டப்படாத செல்பேசியில் அவை இல்லாமலோ, முன்பிருந்த நிறுவனத்துக்கு உரியனவாகவோ இருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, சிங்கப்பூரில் எம்1 நிறுவனத்தின் சேவையில் இருந்த செல்பேசியில் 'சன்சர்ஃப்' என்னும் பெயர் தங்கியிருக்கலாம். தஞ்சாவூரில் பிஎஸ்என்எல் சிம் அட்டையை இட்டதும் அப்பெயர் பயனற்றதாகிவிடும்.

வெளிநாட்டுச் செல்பேசியில் அலைவரிசையும் கவனிக்கத்தக்கது. சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா நாடுகளின் ஜிஎஸ்எம் வலையமைப்புகள் இந்தியாவைப் போலவே 900, 1800 மெகாஹெர்ட்சு அலைவரிசைகளைப் பயன்படுத்தின. அதனால் அங்கிருந்து வந்த செல்பேசிகள் இங்கு எளிதில் இயங்கின. அமெரிக்காவின் 850, 1900 மெகாஹெர்ட்சு அலைவரிசைகளுக்கு மட்டும் உருவான செல்பேசிகளுக்கு இங்கு ஜிஎஸ்எம் சமிக்ஞையே கிடைக்காது.

இந்திய நிறுவனங்களின் பெயர்கள்

கீழ்க்காணும் பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் இடைவெளியின்றி உள்ளிட வேண்டும். இவற்றுக்குப் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ பொதுவாகத் தேவையில்லை.

* பிஎஸ்என்எல் – பிஎஸ்என்எல்நெட்
* ஏர்டெல் – ஏர்டெல்ஜிபிஆர்எஸ்.காம்
* வோடஃபோன் – டபிள்யூ எழுத்து மூன்று முறை
* ஐடியா – இன்டர்நெட்
* ஜியோ – ஜியோநெட்

வோடஃபோனும் ஐடியாவும் 2018 ஆகஸ்டில் இணைந்தன. 2020 செப்டம்பர் முதல் வி என்ற பெயரில் இயங்குகின்றன. தமிழ்நாட்டில் 1999இல் சேவையைத் தொடங்கிய ஏர்செல் 2018இல் நொடிப்பு நிலைக்குச் சென்று சேவையை நிறுத்தியது. அதன் பயனர்கள் எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனங்களுக்கு மாறினர். எண் பழையதாக இருந்தாலும் சிம் அட்டை புதியது என்பதால், புதிய நிறுவனத்தின் அணுகல் புள்ளிப் பெயரே தேவைப்படும். 2011 சனவரி 20 அன்று நாடெங்கும் நடைமுறைக்கு வந்த எண் பெயர்வு வசதியைப் பயன்படுத்தும் அனைவருக்கும் இது பொருந்தும்.

அமைக்கும் முறை

2000களின் நோக்கியா போன்ற செல்பேசிகளுக்குச் சேவை நிறுவனம் அமைப்புகளைக் குறுஞ்செய்தியாக அனுப்பும். பயனர் அதைத் திறந்து சேமித்தால் போதும். சிலவற்றில் 1234 போன்ற கடவு எண் கேட்கப்படும். இவ்வகைச் செய்தியை ஏற்காத செல்பேசிகளில் ஒவ்வொரு விவரத்தையும் கையால் உள்ளிட வேண்டியிருந்தது.

ஆண்ட்ராய்டு செல்பேசியில் படிகள் பின்வருமாறு அமையும். தயாரிப்பாளரைப் பொறுத்துப் பட்டிகளின் பெயர் சிறிது வேறுபடலாம்.

# அமைப்புகளில் செல்பேசி வலையமைப்பு என்ற பகுதியைத் திறந்து, உரிய சிம் அட்டையைத் தேர்ந்தெடுத்தல்.
# அணுகல் புள்ளிப் பெயர்கள் என்ற பட்டியைத் திறந்து புதிய பதிவைச் சேர்த்தல்.
# 'பெயர்' என்ற கட்டத்தில் விரும்பிய எதையும் எழுதுதல். இது அடையாளத்துக்கு மட்டுமே.
# 'ஏபிஎன்' என்ற கட்டத்தில் மேற்கண்ட பட்டியலில் உள்ள பெயரை உள்ளிடுதல்.
# நாட்டுக் குறியெண், நிறுவனக் குறியெண் ஆகியவற்றை மாற்றாமல் விடுதல்.
# பதிவைச் சேமித்து, பட்டியலில் அதைத் தேர்ந்தெடுத்தல்.
# செல்பேசித் தரவை இயக்கி, செல்பேசியை ஒருமுறை அணைத்துத் திறத்தல்.

ஐபோனில் செல்பேசித் தரவுப் பகுதியில் இதற்கான கட்டங்கள் உள்ளன. சில நிறுவனங்களின் சிம் அட்டை உள்ளபோது அவை காட்டப்படுவதில்லை. அப்போது அமைப்புகள் தாமாகவே பதியப்படும்.

பொதுவான பிழைகள்

* 'பெயர்' கட்டத்தில் அணுகல் புள்ளிப் பெயரை எழுதிவிட்டு, 'ஏபிஎன்' கட்டத்தை வெறுமையாக விடுதல்.
* பதிவைச் சேமிக்காமல் வெளியேறுதல், அல்லது சேமித்தபின் தேர்ந்தெடுக்காமல் விடுதல்.
* நாட்டுக் குறியெண்ணை மாற்றுதல். இவ்வாறு செய்தால் பதிவு பட்டியலிலிருந்து மறைந்துவிடும்.
* பழைய பதிலாள் வழங்கி முகவரியை நீக்காமல் விடுதல். இதனால் இணைப்பு கிடைத்தும் பக்கங்கள் திறவா.

நான்காம், ஐந்தாம் தலைமுறைச் சேவையை மட்டும் வழங்கும் ஜியோவில் பேச்சும் தரவு வழியாகவே செல்கிறது. அதற்கு 'ஐஎம்எஸ்' என்ற தனி அணுகல் புள்ளி பயன்படுகிறது. வெளிநாட்டில் வாங்கிய பழைய செல்பேசி இவ்வசதியை ஆதரிக்காவிட்டால், இணையம் கிடைத்தும் வழக்கமான அழைப்புகள் இயங்காமற்போகலாம்.

காவிரிப் படுகையில் பயன்பாடு

செல்பேசி இணையம் பரவும் முன்னர், படுகைச் சிற்றூர்களில் இணையம் என்பது அருகிலுள்ள நகரத்தின் இணைய மையத்துக்குச் சென்று பெறுவதாக இருந்தது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனமும் 2004இல் தொடங்கிய ஊரக வள மையங்களுள் ஒன்று திருவையாற்றில் அமைந்தது. அது செயற்கைக்கோள் வழியாக இணைக்கப்பட்டது.

ஜிபிஆர்எஸ் இணைப்பின் உச்ச வேகம் கோட்பாட்டளவில் விநாடிக்கு 171.2 கிலோபிட்டு, நடைமுறையில் கிடைத்தது இதைவிட மிகக் குறைவு. பக்கங்களைச் சுருக்கி அனுப்பும் ஓப்பெரா மினி உலாவி 2006இல் வெளியானது இதனால் பெரிதும் உதவியது. தமிழ் எழுத்துருக்கள் இல்லாத செல்பேசியிலும் எழுத்துகளைப் படங்களாகப் பெற்றுத் தமிழ்ப் பக்கங்களைப் படிக்க அதில் வழி இருந்தது.

இன்று உழவர்களுக்கு இவ்விணைப்பு இன்றியமையாததாகிவிட்டது. தமிழ்நாடு அரசின் உழவன் செயலி 2018 ஏப்ரலில் வெளியானது. நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல்லை விற்பதற்கான இணையவழிப் பதிவு 2021இல் அறிமுகமானது. பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், அறுத்துக் களத்தில் காயவைத்த பயிர் பருவம் தவறிய மழையில் நனைந்தால், இழப்பை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். செயலி வழியாகத் தெரிவிக்க முயலும் உழவருக்கு, அந்நேரத்தில் ஒரு சொல் பிழையாக உள்ளிடப்பட்டிருப்பது இழப்பீட்டையே பாதிக்கக்கூடும். எனினும் இத்தகைய இழப்பைக் கட்டணமில்லாத் தொலைபேசி எண் வழியாகவும் தெரிவிக்கலாம்.

கட்டணமும் ஒழுங்குமுறையும்

2000களில் பல நிறுவனங்கள் தம் சொந்தத் தளத்துக்கு ஓர் அணுகல் புள்ளியும் பொது இணையத்துக்கு மற்றொன்றும் வைத்திருந்தன. இரண்டுக்கும் கட்டணம் வேறுபட்டதால், ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைத் தேர்ந்தெடுத்த முன்கட்டணப் பயனரின் இருப்புத்தொகை விரைவில் கரைந்தது. இணையச் சேவையைப் பயனரின் வெளிப்படையான இசைவின்றி இயக்கக்கூடாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015இல் விதித்தது. சேவையை இயக்கவும் நிறுத்தவும் 1925 என்ற கட்டணமில்லா எண் ஒதுக்கப்பட்டது.

செல்லத்தக்க ஐஎம்இஐ எண் இல்லாத செல்பேசிகளின் சேவை 2009 டிசம்பர் முதல் துண்டிக்கப்பட்டது. விலை குறைந்த, அடையாளமற்ற செல்பேசிகள் பல இதனால் செயலிழந்தன. பழைய செல்பேசியையோ வெளிநாட்டுச் செல்பேசியையோ வாங்குவோர் *#06# என்று அழுத்தி இவ்வெண்ணைச் சரிபார்க்கலாம்.

இவற்றையும் பார்க்க

* சிம் அட்டை
* ஜிபிஆர்எஸ்
* எண் பெயர்வு
* பிஎஸ்என்எல்
* காவிரிப் படுகை