நியூயார்க்கின் இ-பைக் கெடுபிடியும் குடியேறிய டெலிவரித் தொழிலாளர்களும்

அமெரிக்காவின் நியூயார்க் நகரில், மின்கலத்தால் ஓடும் மிதிவண்டிகளை (இ-பைக்) ஓட்டுவோர்மீது 2017 முதல் அலை அலையாக எடுக்கப்பட்ட போக்குவரத்து நடவடிக்கைகளைப் பற்றியது இக்கட்டுரை. வண்டிப் பறிமுதல், 500 டாலர் அபராதம், குற்றவியல் நீதிமன்ற சம்மன், வேக வரம்பு என்று நடவடிக்கையின் வடிவம் ஆட்சிக்கு ஆட்சி மாறியது. ஆனால் எல்லா வடிவத்திலும் சுமை அதிகமாக இறங்கியது ஒரே தோளில்தான்: வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் குடியேறிய தொழிலாளர்கள்.

தொழிலாளர்களும் வண்டியும்

செயலிகள் வழியாக உணவு டெலிவரி செய்பவர்கள் நகரில் 60,000 பேருக்கு மேல் என்று நகராட்சியின் நுகர்வோர், தொழிலாளர் பாதுகாப்புத் துறை 2022இல் கணக்கிட்டது. இவர்களில் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள். செயலிகள் பரவுவதற்கு முன்பு இந்த வேலையின் முகமாக இருந்தவர்கள் சீன உணவகங்களின் டெலிவரி ஆட்கள். அவர்களில் பலர் ஃபூஜியன் மாகாணத்திலிருந்து வந்த நடுத்தர வயதைக் கடந்தவர்கள். பின்னர் மெக்சிகோ, குவாத்தமாலா, வங்கதேசம், மேற்கு ஆப்பிரிக்க நாடுகள் ஆகியவற்றிலிருந்து வந்த இளைஞர்கள் பெருகினர். ஸ்பானிஷ் பேசுவோர் தங்களை ‘டெலிவரிஸ்தா’ என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

வண்டியைப் பார்த்தாலே வேலை புரிந்துவிடும். கைப்பிடியில் செல்போனைக் கவ்விப் பிடிக்கும் கிளிப். குளிர்காலத்தில் இரு கைப்பிடிகளையும் மூடும் தடித்த உறை, அதற்குள் கையை நுழைத்துக்கொண்டுதான் ஓட்ட வேண்டும். பின்னால் சூடு ஆறாமல் காக்கும் சதுரப் பை. இருக்கையிலிருந்து சக்கரம்வரை சுற்றிய கனத்த சங்கிலி. வண்டி, கூடுதல் பேட்டரி, பூட்டு எல்லாம் சேர்ந்தால் 2,000 டாலரைத் தாண்டிவிடும். அத்தனையும் தொழிலாளியின் சொந்தக் காசு. தொழிலாளர் நீதித் திட்டம் என்ற அமைப்பும் கார்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், கேட்கப்பட்டவர்களில் 54 சதவீதம் பேர் வண்டியைத் திருட்டுக் கொடுத்தவர்கள். 49 சதவீதம் பேர் வேலையில் விபத்தைச் சந்தித்தவர்கள்.

பறிமுதல் காலம்

2017 அக்டோபரில் மேயர் பில் டி பிளாசியோ, அடுத்த ஜனவரி முதல் இ-பைக்குகளுக்கு எதிரான நடவடிக்கை கடுமையாகும் என்று அறிவித்தார். பெடல் மிதிக்காமலே ஆக்சிலரேட்டர் கொடுத்து ஓட்டக்கூடிய வண்டிகள் அப்போது சட்டத்தில் இடமில்லாதவை. கடையில் விற்கலாம், வாங்கலாம். தெருவில் ஓட்டினால் குற்றம். இந்த முரண்பாட்டின் விலையைத் தொழிலாளிதான் கட்டினார். 2017இல் மட்டும் 900க்கு மேற்பட்ட வண்டிகள் பறிமுதலாயின.

உணவகத்தைத்தான் குறிவைக்கிறோம் என்று நகராட்சி சொன்னது. விகிதத்தைப் பாருங்கள்: உணவகத்துக்கு அபராதம் 100 டாலர், தெருவில் சிக்கிய தொழிலாளிக்கு 500 டாலர். 500 டாலர் என்பது அன்று அவர்களில் பலருக்கு ஏறத்தாழ ஒரு வாரச் சம்பளம். வண்டியை மீட்கும்வரை வேலையும் கிடையாது. அறுபது வயதை எட்டியவர் கால் வலியால்தான் சாதாரண சைக்கிளை விட்டு இ-பைக்குக்கு மாறியிருப்பார். அவர் மறுபடி மிதிக்க முடியாது.

2018இல், மிதிக்கும்போது மட்டும் மோட்டார் கைகொடுக்கும் வண்டிகளை நகராட்சி அனுமதித்தது. அவை வாடகைச் சைக்கிள் நிறுவனங்களிடம் இருந்தவை. தொழிலாளர்களிடம் இருந்ததோ ஆக்சிலரேட்டர் வண்டி. அது தடையிலேயே நின்றது. இரண்டிலும் மோட்டார் உண்டு, ஆனால் ஓட்டுபவர் யார் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறியது போன்ற தோற்றத்தை இந்த ஏற்பாடு தந்தது. அந்தத் தோற்றத்தில் உண்மை உண்டு என்பதே இக்கட்டுரையாளரின் கருத்தும்.

செனட்டர் ஜெசிகா ராமோஸும் அவை உறுப்பினர் நைலி ரோசிக்கும் கொண்டுவந்த சட்ட முன்வரைவு 2019இல் மாநிலத்தின் இரு அவைகளிலும் பெரும் ஆதரவோடு நிறைவேறியது. ஹெல்மெட் முதலிய பாதுகாப்பு விதிகள் போதவில்லை என்று சொல்லி ஆளுநர் ஆண்ட்ரூ குவோமோ டிசம்பர் இறுதியில் அதற்கு ஒப்புதல் மறுத்தார். மூன்று மாதத்தில் கொரோனா வந்தது. உணவகங்கள் கதவை மூடின; நகரம் முழுக்க டெலிவரி ஆட்களை நம்பிச் சாப்பிட்டது. 2020 மார்ச்சில் மேயர் கெடுபிடியை நிறுத்திவைத்தார். ஏப்ரலில் மாநில பட்ஜெட்டோடு சேர்த்து இ-பைக்குகள் சட்டபூர்வமாயின. நியூயார்க் போன்ற பெருநகரில் மணிக்கு 25 மைல் (40 கி.மீ.) வரை செல்லும் ஆக்சிலரேட்டர் வண்டிக்கும் இடம் கிடைத்தது. அதே ஆண்டு ‘லோஸ் டெலிவரிஸ்தாஸ் யுனிடோஸ்’ என்ற தொழிலாளர் அமைப்பு உருவானது.

2025: அபராதச் சீட்டிலிருந்து சம்மனுக்கு

2025 ஏப்ரல் 28 முதல், சிக்னலை மீறுதல், எதிர்த்திசையில் ஓட்டுதல் உள்ளிட்ட சில மீறல்களுக்கு இ-பைக், சைக்கிள் ஓட்டிகளுக்குக் குற்றவியல் நீதிமன்ற சம்மன் கொடுக்கக் காவல் துறை தொடங்கியது. அப்போது மேயர் எரிக் ஆடம்ஸ். காவல் ஆணையர் ஜெசிகா டிஷ். அதுவரை இவை சாதாரணப் போக்குவரத்து அபராதத்தோடு முடிந்த மீறல்கள்.

அபராதச் சீட்டுக்கும் சம்மனுக்கும் உள்ள இடைவெளிதான் இந்த விவகாரத்தின் கரு. சிவப்பு விளக்கைத் தாண்டிய கார் ஓட்டுநரைக் காவலர் நிறுத்தினால் அவர் கையில் வருவது போக்குவரத்துச் சீட்டு. வீட்டிலிருந்தே பணம் கட்டி முடித்துவிடலாம். கேமராவில் சிக்கினால் 50 டாலர், அதுவும் வண்டி உரிமையாளருக்குத் தபாலில் வரும். அதே விளக்கை அதே நொடியில் தாண்டிய டெலிவரி ஆள் குறித்த நாளில் நீதிமன்றத்தில் நேரில் நிற்க வேண்டியிருந்தது. நிற்காவிட்டால் அவர் பெயரில் வாரண்ட். இரண்டு டன் எடையுள்ள வண்டியை ஓட்டியவருக்குச் சீட்டு, முப்பது நாற்பது கிலோ வண்டியை ஓட்டியவருக்குக் கோர்ட்டு.

காவல் துறை சொன்ன காரணத்தையும் எடைபோட வேண்டும். இ-பைக் ஓட்ட உரிமம் தேவையில்லை. ஆகவே அபராதம் கட்டாமல் இருந்தால் முடக்குவதற்கு உரிமம் என்று ஒன்று இல்லை, சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுப் போகலாம் என்றார் டிஷ். ஓட்டை உண்மையானது. ஆனால் அதை அடைக்கக் குற்றவியல் நீதிமன்றத்தைத் தவிர வேறு வழியே இல்லையா? சிறு மீறல்களைச் சிவில் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் வழியை இதே நகரம் 2016இல் குற்றவியல் நீதிச் சீர்திருத்தச் சட்டத்தின் மூலம் அமைத்திருந்தது. பழைய சிறு சம்மன்களால் தேங்கிய 6,40,000க்கு மேற்பட்ட வாரண்டுகளை 2017இல் நான்கு மாவட்ட அரசு வழக்கறிஞர்கள் ரத்துசெய்யவைத்தார்கள். வேலைக்கும் குடியேற்ற மனுக்களுக்கும் அவை முட்டுக்கட்டையாக நின்றதும் அப்போது பேசப்பட்டது. கற்ற பாடத்தை எட்டே ஆண்டில் மறந்தது வருத்தத்துக்குரியது.

நடைமுறையிலும் கோளாறுகள் இருந்தன. பாதசாரிகளுக்கான ‘நட’ விளக்கு எரிந்ததும் சைக்கிளும் புறப்படலாம் என்று 2019 முதல் நகரச் சட்டம் அனுமதிக்கிறது. அப்படிச் சரியாகப் புறப்பட்டவர்களுக்கும் சம்மன் கொடுக்கப்பட்டது. நீதிமன்றத்துக்கு வந்த பல வழக்குகள் சில நிமிடங்களில் தள்ளுபடியாயின. தள்ளுபடியானாலும் அந்த நாள் கூலி போனது போனதுதான்.

குடியேறியவர்மீது சம்மனின் எடை

குடியுரிமை உள்ளவருக்குச் சம்மன் ஒரு நாள் தொல்லை. குடியேறியவருக்கு அது வேறு. குடியுரிமை விண்ணப்பப் படிவம், காவல் அதிகாரி யாரேனும் உங்களைக் கைதுசெய்தது, நடவடிக்கைச் சீட்டுக் கொடுத்தது, தடுத்துவைத்தது உண்டா என்று கேட்கிறது. அகதித் தஞ்சம் கோரிக் காத்திருப்பவர், ஆவணம் இல்லாதவர் ஆகியோருக்கு நீதிமன்ற வாசலே அச்சம். சம்மனுக்குக் கைரேகை எடுப்பதில்லை. நியூயார்க் நகரக் காவல் துறை குடியேற்றச் சட்டத்தை அமல்படுத்துவதும் இல்லை. நீதிபதியின் ஆணை இல்லாமல் மாநில நீதிமன்றங்களில் குடியேற்றக் கைது செய்யக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மாநிலச் சட்டமும் சொல்கிறது. ஆனால் 2025இல், மன்ஹாட்டனின் குற்றவியல் நீதிமன்றங்களிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஃபெடரல் பிளாசா 26 கட்டடத்தில், குடியேற்ற நீதிமன்ற விசாரணைக்கு ஒழுங்காக வந்தவர்களையே கூட்டாட்சி அதிகாரிகள் நடைக்கூடத்தில் மடக்கிக் கொண்டுபோனார்கள். அதைச் செல்போனில் பார்த்த ஒரு தொழிலாளியிடம் எந்தக் கட்டடம் மாநிலத்துடையது, எது கூட்டாட்சியுடையது என்று விளக்கி ஆறுதல் சொல்வது கடினம். போனாலும் பயம், போகாவிட்டால் வாரண்ட்.

பாதசாரிகளின் தரப்பு

இ-பைக் மீதான கோபம் வெறும் வெறுப்பு என்று தள்ளிவிட முடியாது. 2023இல் சைனாடவுனில் இ-பைக் மோதி 69 வயதுப் பெண் ஒருவர் இறந்தார்; எல்லா இ-பைக்குகளையும் பதிவுசெய்து எண் பலகை மாட்டக் கோரும் நகரமன்ற முன்வரைவு அவர் பெயரால் அழைக்கப்படுகிறது. அடிபட்டவர்கள் சேர்ந்து இ-வாகனப் பாதுகாப்புக் கூட்டமைப்பை நடத்துகிறார்கள். சத்தமில்லாமல் பின்னாலிருந்து வரும் வண்டி, முதியவர்களை நடைபாதையிலும் பதறவைக்கிறது. மலிவான லித்தியம் பேட்டரிகள் இன்னொரு ஆபத்து: 2023இல் அவற்றால் 268 தீ விபத்துகள், 18 மரணங்கள். அந்த ஆண்டு செப்டம்பர் முதல் பாதுகாப்புச் சான்று பெற்ற பேட்டரிகளை மட்டுமே விற்கலாம் என்று நகரச் சட்டம் வந்தது. பேட்டரி வெடித்தால் முதலில் எரிவது பெரும்பாலும் தொழிலாளர்கள் நெருக்கியடித்து வாழும் வீடுகளே என்பதால், அவர்களும் வரவேற்ற கட்டுப்பாடு இது.

அதேசமயம் எண்களின் அளவையும் பார்க்க வேண்டும். நகரில் ஆண்டுதோறும் கார், லாரி மோதி இறக்கும் பாதசாரிகள் ஏறத்தாழ நூறு பேர் அல்லது அதற்கும் மேல். இ-பைக் மோதி இறப்போர் ஒற்றை இலக்கத்தில்தான்.

வேகத்தின் ஊற்று

தொழிலாளி ஏன் சிக்னலில் நிற்பதில்லை என்ற கேள்விக்கான பதிலில் பாதி கைப்பிடியில் மாட்டிய செல்போனில் இருக்கிறது. தூரம், நேரம், தாமதம் எல்லாவற்றையும் செயலி கணக்கெடுக்கிறது. தாமதமானால் அடுத்த ஆர்டர் குறையும், கணக்கு முடக்கப்படும் என்ற அச்சம் தெருவெங்கும் கூடவே ஓடுகிறது. குறைந்தபட்ச ஊதிய விதிக்கு முன்பு டிப்ஸ் நீங்கலாக இவர்கள் மணிக்குச் சுமார் 7 டாலர்தான் ஈட்டினார்கள். ஆர்டர் எண்ணிக்கையைக் கூட்டினால்தான் வாடகை கட்ட முடியும். ஊபர், டோர்டேஷ், கிரப்ஹப் நிறுவனங்கள் தொடுத்த வழக்கைத் தாண்டி 2023 டிசம்பரில் மணிக்கு 17.96 டாலர் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. 2025 ஏப்ரலில் அது 21.44 டாலராக உயர்ந்தது. சம்மன்களின் அலை தொடங்கியதும் அதே ஏப்ரலில்தான். சம்மன் ஓட்டுபவர் பெயரில் எழுதப்பட்டது. ஆர்டர் அனுப்பிய நிறுவனத்தின் பெயர் அதில் வரவில்லை.

2025 அக்டோபர் 24 முதல் இ-பைக்குகளுக்கு மணிக்கு 15 மைல் (24 கி.மீ.) வேக வரம்பு அமலுக்கு வந்தது. அதே தெருக்களில் பெரும்பாலானவற்றில் கார்களுக்கான வரம்பு 25 மைல்.