போர் விளையாட்டுக்களும் வரலாற்றுத் தரவுகளும்: புரொகோரொவ்காச் சமரை முன்வைத்து ஒரு நோக்கு

கணனியில் ஆடப்படும் போர்த்தந்திர விளையாட்டுக்களை வெறும் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவது வரலாற்று மாணவரிடையே வழக்கமாகவுள்ளது. ஆயின், நடந்து முடிந்த ஒரு சமரைக் கணனியில் மீள நிகழ்த்த வேண்டுமாயின் முதலில் அதனை எண்களாக எழுதுதல் வேண்டும். எப்படைப்பிரிவு எங்கு நின்றது, அதனிடம் எத்தனை தாங்கிகள் இருந்தன, எரிபொருள் எவ்வளவு, அதன் போர்த்திறன் நூற்றுக்கு எத்தனை என்னும் வினாக்களுக்கு விடை கூறாது ஆட்டம் தொடங்காது. இவ்வெண்களின் தொகுதியையே இங்கு களத்தரவு என்கின்றோம். வரலாற்று நூலொன்றில் “பலத்த இழப்பு” என்றெழுதி ஆசிரியர் தப்பிவிடலாம். களத்தரவில் அது சாலாது. எனினும் நூலுக்கு அடிக்குறிப்பு உண்டு. களத்தரவுக்கோ பெரும்பாலும் அஃது இல்லை. இக்குறைபாட்டின் விளைவுகளே நாம் இங்கு நோக்கற்பாலன.

1981இல் கிறிஸ் குறோபோட் அட்டாரிக் கணனிக்கென ஆக்கிய ‘ஈஸ்ரேர்ண் புறொன்ற் 1941’ என்னும் ஆட்டத்துக்குக் களத்தரவைத் திருத்தும் செயல்நிரலும் தனியாக விற்பனைக்கு வந்தது. 1998இல் வெளியான ‘த ஒப்பறேஷனல் ஆட் ஒவ் வோர்’ என்னும் ஆட்டத்திலோ அத்தகைய திருத்தி உடனிணைந்தே வந்தது. இவ்வாறு எண்களை எழுதும் அதிகாரம் ஆடுவோர் கைக்கும் வந்து சேர்ந்தது. ஓர் ஆட்டத்துக்கென ஒருவர் தொகுத்ததை இன்னொருவர் பிறிதோர் ஆட்டத்துக்கு மாற்றுவதும் இயல்பாயிற்று. மாற்றும்போது எண் போய்ச் சேர்ந்துவிடுகின்றது. அவ்வெண் எங்கிருந்து பெறப்பட்டது என்னும் செய்தியோ வழியிலேயே நின்றுவிடுகின்றது.

1943 யூலை 12ஆந் திகதி குர்ஸ்க் களத்தின் தென்பகுதியில் நிகழ்ந்த புரொகோரொவ்காச் சமர் இதற்குத் தக்க உதாரணமாகும். ரொட்மிஸ்ட்ரொவின் ஐந்தாவது காவற் தாங்கிப்படை அங்கு ஜேர்மனிய இரண்டாம் எஸ்.எஸ். தாங்கிப் படையணியை எதிர்த்துப் பாய்ந்தது. ஜேர்மனியர் அன்று பல நூறு தாங்கிகளை இழந்தனர் என்றும், அவற்றுட் பெருந்தொகையான ‘ரைகர்’ தாங்கிகளும் ‘பெர்டினன்ட்’ பீரங்கி வாகனங்களும் அடங்கின என்றும் நெடுங்காலம் எழுதப்பட்டு வந்தது. பழைய களத்தரவுகள் பல இக்கூற்றின் வழிவந்தனவே.

சோவியத் ஒன்றியம் 1991இல் கலைந்தபின் அதன் சுவடிக்கூடங்கள் ஓரளவு திறக்கப்பட்டன. றெவர் டுபூய் நிறுவிய ஆய்வு நிறுவனம், ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் பகுப்பாய்வு நிலையமொன்றுக்காக, இருதரப்பு ஆவணங்களையும் ஒப்புநோக்கிக் குர்ஸ்க் தென்களத்தின் 15 நாட்களுக்கான தரவுத்தொகுதியைத் தயாரித்தது. இராணுவம் தனது கணனி மாதிரிகள் மெய்யாக நிகழ்ந்ததோடு ஒத்துவருகின்றனவா எனச் சோதிக்கவே இதனைக் கேட்டுப் பெற்றது. 2000இல் செட்டர்லிங், பிராங்சன் என்னும் சுவீடிய ஆய்வாளர் இருவரும் குர்ஸ்க் பற்றிய புள்ளிவிபர நூலொன்றை வெளியிட்டனர். பெர்டினன்ட் வாகனங்கள் அனைத்தும் வடகளத்திலேயே இருந்தன என்பதும், ரொட்மிஸ்ட்ரொவின் முதன்மைத் தாக்குதலை எதிர்கொண்ட லைப்ஸ்ரண்டார்ட் பிரிவிடம் அன்று இயங்கத்தக்க ரைகர்கள் நான்கு மட்டுமே என்பதும் இன்று ஏற்கப்பட்டவை. சோவியத் தரப்பில் இருநூறுக்கும் மேற்பட்ட தாங்கிகள் அழிந்தன. ஜேர்மனியர் முற்றாக இழந்தவையோ மிகச் சிலவே.

இங்கு ‘முற்றாக’ என்ற சொல் கவனிக்கற்பாலது. சேதமுற்ற தாங்கியைத் திருத்தகத்துக்கு இழுத்துச் செல்ல முடிந்தால் ஜேர்மனியக் கணக்கில் அது இழப்பன்று. களத்தை இழந்து பின்வாங்கும்போது திருத்தகத்தில் நின்றதையும் இழக்க நேரிடும். ஓகஸ்ட் மாதத்தில் நிகழ்ந்ததும் அதுவே. ஆகவே ஒருதரப்பின் ‘இழப்பு’ நிரலில் சேதமும் அழிவும் சேர்ந்தும், மறுதரப்பின் நிரலில் அழிவு மட்டும் தனித்தும் நிற்க, இரண்டையும் ஒரே நிரலில் இட்டு ஒப்பிடுபவர் தவறான முடிவுக்கே வருவார்.

இதனினும் சிக்கலானது போர்த்திறன் எண். தாங்கிகளின் தொகையை ஆவணங்கொண்டு திருத்தலாம். திறனுக்கு ஆவணம் ஏது? ஆட்டத்தின் முடிவு வரலாற்றோடு ஒத்துவரும்வரை அதனைக் கூட்டியுங் குறைத்தும் பார்ப்பதே தொகுப்போர் கையாளும் முறை. இல்லாத ரைகர்களைக் கொண்ட பழைய தரவில் சமரைச் சமநிலைக்குக் கொண்டுவர ஜேர்மனியத் திறனைக் குறைத்திருப்பர். பின்வருபவர் ரைகர்களை நீக்கித் திறனெண்ணை மட்டும் அப்படியே வைத்தால், திருத்திய தரவு பழையதைவிடப் பிழையாகிவிடும்! ஓர் எண்ணைத் திருத்துபவர் அதனைச் சார்ந்த ஏனைய எண்களையும் மீள நோக்கியே ஆகவேண்டும்.

புரொகோரொவ்காவில் சோவியத் தாங்கிகள் பல, தம் தரப்பினரே முன்னர் வெட்டியிருந்த தாங்கித்தடை அகழியில் வீழ்ந்து அழிந்தன. ஒரு கட்டம் பல கிலோமீற்றரைக் குறிக்கும் வரைபடத்தில் அவ்வகழிக்கு இடமில்லை. தொகுப்பவர் அதனை ஈடுசெய்யச் செம்படையின் திறனெண்ணில் சில புள்ளிகளைக் குறைத்துவிடுகின்றார் எனக் கொள்வோம். அவர் தம் மனத்தில் அது அகழியே. கோப்பைப் பெற்று வேறோர் ஆட்டத்துக்கு மாற்றுபவர் கண்ணுக்கோ, அது செம்படை வீரரின் திறமையின்மையாகவே தோன்றும்.